தம்பி இல்லாமல் வந்த கப்பல்

நான் கப்பலேறி வெளிநாடு போய் வந்தவள் என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை. அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள், நாகப்பட்டினத்தைத் தாண்டி எங்கே போயிருக்கப் போகிறாள் என்ற நினைப்பு. நானும் வற்புறுத்துவதில்லை. ஏழு வயதில் பினாங்குக்குப் போனேன். போனது பாதி மறந்துவிட்டது. திரும்பி வந்ததுதான் மறக்கவில்லை.

பினாங்கில் அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. மாமாவுக்கு அங்கே மளிகைக் கடை. கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளையில்லை. அறுவடை முடிந்து வயல் சும்மா கிடந்த நேரம், ஈஸ்டருக்கு வாருங்கள் என்று அவர்களே டிக்கெட் எடுத்து அனுப்பினார்கள். அப்பா, அம்மா, நான், அம்மா மடியில் பால் குடிக்கிற தம்பி என்று போய் இறங்கினோம்.

அங்கே இருந்தவரை அத்தை தம்பியைத் தரையில் விடவில்லை. குளிப்பாட்டுவதும் பவுடர் போடுவதும் அவள்தான். பசித்தால் மட்டும் அம்மாவிடம் வருவான். எனக்குக் கண்ணை மூடித் திறக்கிற பொம்மை ஒன்று கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி திரிந்தேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று துறைமுகத்திலும் தம்பி அத்தையின் தோளில்தான் இருந்தான். அம்மா கையை நீட்டினாள். அத்தை ஒரு எட்டு பின்னால் போனாள்.

"அண்ணன் சொல்லலையா அண்ணி?"

உடன்பிறந்தவளுக்குப் பிள்ளையில்லை என்றால் தன் பிள்ளையில் ஒன்றைக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் நடக்கிறதுதான். எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிக் கொடுப்பார்கள். அப்பாவும் பேசித்தான் இருந்தார், அம்மாவைத் தவிர மற்ற எல்லோரிடமும். அம்மா நகராமல் நின்றாள். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. அப்பா குனிந்து அவள் காதருகில் சொன்னது எனக்கும் கேட்டது.

"கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு அடுத்த கப்பல்ல தங்கச்சியே கொண்டாந்து விட்டுரும். ஏறு."

அம்மா ஏறினாள்.

மேல்தளத்தில் பாய் விரித்து, எங்களைப் போன்றவர்களோடு நெருக்கியடித்துக் கிடந்தோம். மறுநாளே அம்மாவின் ரவிக்கை நனைந்து நனைந்து காய்ந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. புடவையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு, டம்ளரில் எதையோ எடுத்து வந்து கடலில் ஊற்றுவாள். கப்பலில் கொடுத்த பால் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துப் பாய் அதிராம்பட்டினத்து அம்மா ஒருவருடையது. பார்த்துப் பார்த்துத் தாங்காமல் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"ஏம்மா இப்படிப் பிழிஞ்சு பிழிஞ்சு எடுக்குறீங்க? விட்டா தானா நின்னுரும்ல?"

"நிக்கக் கூடாதுங்க. அடுத்த கப்பல்ல எம்புள்ள வந்துருவான். வந்தா குடிக்கணும்ல."

அந்த அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கடலைப் பார்த்தார்.

நான் அந்தச் செய்தியைத் தளம் முழுக்கப் பரப்பினேன். என் தம்பி தனிக் கப்பலில் வரப்போகிறான் என்று எனக்குப் பெருமை. சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவர், "டிக்கெட்டு அவனே எடுத்துக்குவானா பாப்பா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கரை கண்ணுக்குத் தெரிந்த காலையில் எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, அடுத்த கப்பல் எப்ப?"

அப்பா கயிற்றை இழுத்துப் பெட்டியைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு பெட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"அங்க ராசாவாட்டம் வளருவான். நமக்கு இன்னொண்ணு பொறக்காமலா போயிரும்?"

அம்மா அழவில்லை. டம்ளரைக் கழுவி மூட்டைக்குள் வைத்தாள்.

கப்பல் தூரத்திலேயே நின்றுவிட, படகில் கரைக்கு வந்தோம். மண்ணில் கால் வைத்ததும் அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள்.

"மல்லிகைப்பூ வாங்கியாங்க. உதிரியா. நெறைய வேணும்."

அப்பாவின் முகத்தில் அத்தனை நாளும் இல்லாத வெளிச்சம் வந்தது. விலைகூடப் பேசாமல், பூக்காரியின் கூடையில் இருந்ததையெல்லாம் இலையில் கட்டி வாங்கி வந்தார். "பூ கேட்டுட்டா, இனிமே சரியாயிருவா" என்று வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டார்.

அம்மா பொட்டலத்தோடு ஒரு சுவரின் மறைவுக்குப் போனாள். எனக்கும் தொடுத்துத் தருவாள் என்று சடையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் திரும்பி நின்று, பூவையெல்லாம் அள்ளி அள்ளி மாரில் வைத்து, பழைய சேலைக் கிழிசலால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள்.

"எனக்கும்மா?" என்றேன்.

"இது தலைக்கு வைக்கிற பூ இல்லடி."

அப்படி வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லை. வண்டிக்காரரோடு விளைச்சலைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். எனக்கும் தெரியவில்லை. வண்டியெல்லாம் மணத்துக்கொண்டிருந்தது. அத்தனை பூவில் எனக்கு ஒன்றுகூடத் தராமல் எல்லாவற்றையும் தானே ஒளித்துவைத்துக்கொண்டாளே என்று, வீடு வந்து சேரும்வரை அம்மாவோடு நான் பேசவேயில்லை.