குளிரிலும் அடங்காத இரைச்சல்

ஆய்வகத்தில் டெக்னீசியன் வேலை என்றால் பாதி நாள் கருவிகளில் புகும் இரைச்சலைத் துரத்துவதுதான்; ஆம்ப்ளிஃபயர் பிரித்துக் கை சுட்டுக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரிக்கலாம்பாக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தே தொழில் கற்றவன் நான். பிறகுதான் வில்லியனூர் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன்.

வயல் மோட்டார்

கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் ஒரு மின்னணுச் சில்லு. அதில் எழும் இரைச்சலை அளப்பது எங்கள் ஆய்வு மாணவி நிர்மலாவின் ஆராய்ச்சி. தினமும் பதினோரு மணிக்குத் திரையில் கோடு துள்ளும். தேடிப் போனால், பக்கத்து வயலில் ஏகாம்பரத்தின் போர் மோட்டார். அளக்கும்போது மட்டும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார், முறைத்துக்கொண்டே.

“இன்னாபா, என் மோட்டாரு ஓடுனா உன் ஐஸ் பொட்டிக்கு இன்னா நோவுது?”

ஒன்றுமில்லாத இடம்

அதன்பின் குளிர் கூடக்கூட இரைச்சல் இறங்கியது. ஓரிடத்தில் நின்றுவிட்டது. மேலும் எவ்வளவு குளிர்வித்தும் அசையவில்லை. ஏசி, விளக்கு, செல்போன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பட்டப்பகலில் ஜன்னலைச் சாத்தி, அதை ஸ்பீக்கரில் கேட்டோம். மெல்லிய சீறல். என் மனைவி போய்ச் சேர்ந்தபின், பூட்டிய வீட்டைத் திறக்கும்போது இப்படித்தான் இருக்கும். உள்ளே யாரோ அப்போதுதான் பேச்சை நிறுத்தியதுபோல. நிர்மலா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“அண்ணே, உள்ள அசையறதுக்கு இனிமே ஒண்ணுமே கெடையாது. அப்ப இது யாரு போடுற சத்தம்?”

திறக்கும் முன்

சில்லுக்கு நான் வைத்த சால்டரிங் சரியில்லை, நாளைக்கே குளிர்பெட்டியைத் திறந்து மறுபடி வை என்றார் நிர்மலாவின் பேராசிரியர். திறந்து சூடேறினால் சில்லு விரிசல் விடலாம். நிர்மலாவின் மூன்று வருஷம் அதோடு போய்விடும். எனக்கும் என் கைமேல் சந்தேகம்தான். ஆனாலும் ரேடியோக்காரன் பழக்கம்: கோளாறு என்றால் ஸ்டேஷனை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். அளக்கும் அதிர்வெண்ணை மாற்றிப் பார்க்கச் சொன்னேன்.

அதிர்வெண்ணை இரட்டித்தாள், இரைச்சலும் இரட்டித்தது. மும்மடங்காக்கினாள், அதுவும் மும்மடங்கானது. சால்டரிங் கோளாறுக்கு இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போடத் தெரியாது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிர்மலா அழுதுகொண்டே சிரித்தாள். திறக்க வந்த பேராசிரியர் எண்களை இரண்டு முறை பார்த்தார். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“திறக்காதப்பா. இது கோளாறு இல்ல, குவாண்டம் இரைச்சல். சூடெல்லாம் போனப்புறமும் மிச்சம் இருக்கற அசைவு. இத நிறுத்த யாராலயும் முடியாது.”

இத்தனை வருஷம் இரைச்சலை ஒழித்ததற்கு ஒருவரும் ஒரு டீ வாங்கித் தந்ததில்லை. ஒழிக்கவே முடியாத ஒன்றுக்காக நிர்மலா லட்டு நீட்டினாள்.