செட்டப் கஸ்டமர்

என்னிடம் எப்படி ஏமாற வேண்டும் என்று என் மச்சானுக்கு ஒரு வாரம் நானே பயிற்சி கொடுத்தேன். ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "இந்த எடத்துல நீ யோசிக்கிற மாதிரி தாடையத் தடவணும்" என்று இன்னொருவனுக்குச் சொல்லித் தருவதைப் பார்த்த கடைக்காரர், நாங்கள் குறும்படம் எடுக்கிறோம் என்று நினைத்து, தனக்கும் ஒரு வேஷம் கேட்டார்.

நான் அப்போது ஒரு வடக்கத்திக் கம்பெனியின் கழிப்பறைச் சாமான்களை விருத்தாசலத்தில் விற்றுக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் ஃப்யூஸ் கட்டையிலிருந்து கொலு பொம்மை வரை பீங்கானில் இங்கேயே செய்கிறார்கள். இங்கே வெளியூர்ப் பீங்கானை விற்க ஆள் போட்ட கம்பெனி புத்திசாலியா, அந்த வேலைக்குப் போன நான் புத்திசாலியா என்று என் மனைவி கேட்டாள். கம்பெனியைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்கு முன் பஸ் ஸ்டாண்டு வாசலில் குடையின் கீழ் நின்று சிம் கார்டு விற்றேன். பிறகு ஆயுள் காப்பீடு. பிறகு சேத்தியாத்தோப்புப் பக்கம் பூச்சி மருந்து. பிறகு தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கலரில் சட்டை கொடுத்தது. எந்தக் கம்பெனிக்கும் என் தொப்பையின் அளவு தெரிந்திருக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரு வாட்ஸப் குரூப் இருந்தது. காலையில் ஒருவர் "குட் மார்னிங் சாம்பியன்ஸ்" என்று போடுவார். நாங்கள் புஜத்தை மடக்கிக் காட்டும் பொம்மையைப் போடுவோம். விற்றவன் ஒன்று போடுவான், விற்காதவன் நிறையப் போடுவான். நான் எவ்வளவு போட்டிருப்பேன் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பயிற்சி என்று சென்னைக்குக் கூப்பிட்டு, ஏசி ஹாலில் உட்கார வைத்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "நீ ஒரு புலி" என்று கத்தச் சொல்வார்கள். என் பக்கத்தில் கிடைத்தவருக்குச் சர்க்கரை. அடிக்கடி எழுந்து வெளியே போய் வரும் புலி.

அந்த மாதம் ஏரியா மேனேஜர் விருத்தாசலம் வருவதாகச் செய்தி வந்தது. ஒரு கஸ்டமர் வீட்டில் நான் பேசுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பார். பிடித்தால் எனக்கு வேலை இருக்கும், பிடிக்காவிட்டால் இருக்காது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கஸ்டமரை முன்கூட்டியே செட்டப் செய்வது. மேனேஜர் வரும் நாளில் மட்டும் எல்லா ஊரிலும் அருமையான கஸ்டமர்கள் கிடைப்பது இப்படித்தான்.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, லோடு வண்டி ஓட்டுகிறவன். கம்மாபுரம் ரோட்டில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். உட்கார்ந்து போகிற கழிப்பறைக் கோப்பையை உள்ளூர்ப் பட்டறையில் அவன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது மேனேஜர் வரும் நாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

"இன்னாடா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா உங்க கம்பெனி சாமான வாங்கச் சொல்லுவீங்க மாமா. வூடு கட்டறவன் வெளையாட முடியுமா?"

கோணிச் சாக்கைப் போட்டு அதை மூடினோம். மேனேஜர் வந்தார். என் வயதில் பாதி இருக்கும். கூர்மூக்கு ஷூ. "சார்" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அதிலேயே வேலை போய்விட்ட மாதிரி இருக்கும். உட்கார இடம் தேடினார். நாற்காலி இல்லை. நேராகப் போய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டான். நான் சுவரைப் பார்த்தேன்.

பெருமைகளைச் சொல்லி முடிக்கும்வரை பொருளில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது கம்பெனிப் பாடம். எங்கள் ஊர் வழக்கம் வேறு. பீங்கானைப் பார்த்தால் விரலை மடக்கித் தட்டுவோம். ணங் என்றால் நல்ல சரக்கு, தொக் என்றால் உள்ளே கீறல். அதற்கு மேல் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. நான் பையிலிருந்து எங்கள் கோப்பையின் சின்னச் சாம்பிளை எடுத்தேன். எடுத்த கையோடு, பிறந்த ஊரின் பழக்கம், நானே தட்டிவிட்டேன். ணங். அதோடு மனப்பாடம் செய்த அத்தனையும் போய்விட்டது.

"அப்புறம் சார்?" என்றார் மேனேஜர்.

"அவ்ளோதான் சார். நல்ல சாமான்."

மேனேஜர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"கறை புடிக்காதுன்னு சொல்லுவீங்களே மாமா!"

மேனேஜர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மச்சானுக்கும் உளறியது புரிந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் மேனேஜர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சார், எங்கம்மாவுக்கு முட்டி தேஞ்சி போச்சி. குந்த முடியல. செவுத்தப் புடிச்சிக்கினு எந்திரிக்கறப்ப அழுவுறாங்க சார். எங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு பைப்பத் தொறந்து வுட்டுட்டு அழுவுறாங்க. இந்த மாதிரி ஒண்ணு இருந்தா ஒக்காந்து எந்திரிப்பாங்க இல்ல? இதுக்குப் போயி வெல பாக்க முடியுமா சார்?"

மேனேஜரின் முகம் இளகிவிட்டது. நானும் சாம்பிளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அவன் பேசியது என் மாமியாரைப் பற்றி. அந்த நேரத்தில் அந்த அம்மாள் யாரோ ஒருவர் வயலில் குனிந்து நாற்று நட்டபடி, பக்கத்தில் நடுகிறவளைச் சோம்பேறி என்று ஏசிக்கொண்டிருந்தார்.

மச்சானை அங்கேயே விட்டுவிட்டு நானும் மேனேஜரும் டீ குடிக்க வந்தோம்.

"சொந்தக்காரரா சார்?"

"வூட்டுக்காரம்மா தம்பிங்க சார்."

"பரவால்ல. நான் சேல்ஸ் ரெப்பா இருந்தப்ப எங்க சித்தப்பாவ நிறுத்தி வெச்சேன். எல்லாரும் பண்றதுதான."

எனக்கு உயிர் வந்தது. காலையிலிருந்து அவரை மனசுக்குள் திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டு, அவருக்கு ஒரு வடை சொன்னேன். அவர் அதைத் தொடவில்லை.

"அவரு நம்பர் குடுங்க சார். அடுத்த மாசத்துலேந்து இந்த ஏரியாவ அவரு பாக்கட்டும்."

"சார், அவன் லோடு வண்டி ஓட்டறவன்..."

"அவரு சொன்னது பூரா பொய்யின்னு தெரியும் சார். தெரிஞ்சும் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சி. நீங்க உண்மையத்தான் சொன்னீங்க, எனக்குக் கொட்டாவிதான் வந்துச்சி."