டொக்டருக்கு முன்னால் சாப்பிடுவது

பென்சிலால் கீறிய ஒரு சிறு வளையம். வேப்பங்கொட்டை அளவில், ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கும். நான் பாண் துண்டொன்றின் கரையை மென்ற விதம் அது. எழுபதுகளில் திருகோணமலையில் ஒரு பல் கிளினிக்கில் நான் நேர்ஸாக இருந்தபோது எங்கள் டொக்டர் அதைக் கீறவைத்தார். கீழ்ப்பல்லில் மெழுகால் மெல்லிய கம்பியொன்றை ஒட்டி, அதன் நுனியில் பென்சில் முனையைப் பொருத்தி, முகத்துக்கு நேரே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, "மெல்லுங்கோ மிஸி, ஆறுதலா மெல்லுங்கோ" என்பார். தாடை வெறுமனே மேலும் கீழும் போய்வருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது இறங்கி, மெல்லும் பக்கமாகச் சாய்ந்து, வளைந்து ஏறுகிறது. ஆளுக்கு ஆள் வளையம் வேறு. பொய்ப்பல் கட்டுமுன் அந்த ஆளின் வளையத்தை அறிந்தே ஆகவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

நல்ல மனிதர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து குவாட்டர்ஸில் தனியாக இருந்தார். ஆனால் அளந்து பழகிய கண் மத்தியானத்திலும் ஓயாது. சோற்றுப் பார்சலோடு எங்கள் மேசைக்கு வந்தால், பார்வை நேரே நம் வாயில் வந்து நிற்கும். நாம் மீன்முள்ளோடு போராடும் நேரம் பார்த்து, "நீங்கள் இடப்பக்கத்தால மட்டும்தான் சப்புறீங்கள்" என்பார். யாருக்குத்தான் சோறு இறங்கும்? கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் அற்றென்டன், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், முதலில் எழும்பி வெளியே மரத்தடிக்குப் போனார். ஒவ்வொருவராக நாங்களும் போனோம். துறைமுகத்தைப் பார்த்த அந்த நீள மேசையில் டொக்டர் மட்டும் இருந்து சாப்பிட்டார்.

மார்கழி மழை பிடித்ததும் மரத்தடி இல்லாமற்போயிற்று. பார்சல்களோடு வாசலில் தயங்கி நின்ற எங்களைக் கண்டு, "வாங்கோ, இருங்கோ. நான் ஒருத்தரையும் பாக்கமாட்டன்" என்றார். சொன்னபடியே கதிரையைத் தூக்கித் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். எங்களுக்கு மனம் கேட்கவில்லை. காக்காதான் வாய் திறந்தார்.

"டொக்டர், இஞ்சால திரும்புங்க. பாத்தாப் பாத்துட்டுப் போங்க. எல்லாரும் ஒண்டாச் சாப்பிடுவம்."

திரும்பியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் மறக்கவில்லை. ஒரு பிடி சோற்றை வாயில் வைத்தார். நாங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. மாதக்கணக்கில் அதே கதையைக் கேட்டிருந்ததால், எல்லோர் கண்ணும் அவருடைய தாடைக்கே போய்விட்டது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க. காக்கா சிரிப்பை அடக்கமுடியாமல் குனிந்துகொண்டார். டொக்டர் மெல்லுவதை நிறுத்தினார். சோறு கன்னத்தில் அப்படியே நின்றது. இடக்கையால் வாயை மறைத்துக்கொண்டு, "இப்பதான் எனக்கு விளங்குது" என்றார். அடுத்த நாளிலிருந்து மத்தியானங்களில் குவாட்டர்ஸுக்குப் போய்விடுவார். எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை.

இப்போது லிங்கநகர் வீட்டில் நானும் தனிதான். பிள்ளைகள் வெளிநாட்டில். மேசையைச் சுற்றி நாலு கதிரைகள், உட்கார ஆளில்லை. பொய்ப்பல்லோடு எவ்வளவு நேரமெடுத்தும் சாப்பிடலாம், ஏனென்று கேட்க ஒருவருமில்லை. தனிமை இவ்வளவு கசக்கும் என்று அப்போது தெரியாது. இன்றைக்கு ஒருவர் எதிரே வந்திருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாலும், நான் எழும்பிப் போகமாட்டேன்.