அமிர்தவல்லி சொன்ன சாட்சி

அமிர்தவல்லிக்கு நாற்பத்து நான்கு வயது. கட்டுமாவடியில் நண்டுக் கம்பெனியில் வேலை. அவித்த நண்டின் ஓட்டை உடைத்து, சதை நசுங்காமல் எடுத்துத் தட்டில் பரப்ப வேண்டும். மிளகளவு ஓட்டுத் துண்டு சதையோடு போய்விட்டாலும் சூப்பர்வைசர் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். பதினெட்டு வருஷம் இதையே செய்ததில் அவள் விரல்களில் ரேகை அழிந்துவிட்டது. ரேஷன் கடை மிஷின் அவளை அடையாளம் கண்டுகொள்வதே இல்லை.

கணவர் பிச்சைமுத்து ஜெகதாப்பட்டினத்தில் வெள்ளைச்சாமியின் விசைப்படகில் கடலுக்குப் போனவர். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையினர் பிடித்துப் போய்விடுவார்களோ என்பதுதான் அந்தக் கரைப் பெண்களின் ஓயாத பயம். அமிர்தவல்லியும் அதற்குத்தான் பயந்தாள். அது நடக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வலையை இழுக்கும் வின்ச்சில் சிக்கி, பிச்சைமுத்துவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது.

ஆறு மாதம் அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். வெள்ளைச்சாமி ஒரு தடவை ஆப்பிள் பையோடு வந்தார். உயிரை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுத்துக்கொண்டாளே கடலம்மா, அவளைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டுக்குள் துணிந்து வந்தவர் ஞானசுந்தரி சிஸ்டர். கறம்பக்குடிப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரி வேன் கடற்கரை ஊர்களைச் சுற்றும். கட்டிய மனைவியே தொடப் பயந்த அந்த மிச்சக் காலை சிஸ்டர் தன் மடியில் எடுத்து வைத்துச் சீழைத் துடைத்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அன்றைக்கு அமிர்தவல்லி அடுப்படியில் போய் நின்று, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பிறகு செயற்கைக் கால் வந்தது. பிச்சைமுத்து எழுந்தார், நடந்தார். ஒவ்வொரு தடவையும் கட்டுப் போட்டு முடித்ததும் சிஸ்டர் கண்ணை மூடி ஜெபம் பண்ணுவார். அந்த நேரத்தில் அமிர்தவல்லி மனசுக்குள், மாரியாத்தா, தப்பா எடுத்துக்காதே என்று தனியாகச் சொல்லிக்கொள்வாள்.

இன்னொருவர் சூர்யபிரகாஷ். சென்னையில் இருக்கும் ஒரு டிரஸ்டின் ஆள். எங்க டிரஸ்டுக்குச் சாமியும் கிடையாது, கட்சியும் கிடையாது, சட்டம் மட்டுந்தான் என்பார். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அட்டையோடு ஒரு போட்டோ, அட்டையைப் பிச்சைமுத்து கையில் கொடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். நல்ல பையன். ஆனால் ஒருநாள் பிச்சைமுத்துவின் பேர் மறந்துபோய், 'பயனாளி எங்கக்கா?' என்று கேட்டுவிட்டார்.

வேலை செய்யும்போது அடிபட்டால் முதலாளி பொறுப்பு என்று சட்டம் இருப்பதைச் சொன்னதும் அவர்தான். மனுப் போடலாம், ஆனால் சாட்சி வேண்டும் என்றார். படகில் இருந்த ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் வெள்ளைச்சாமி படகில்தான் பிழைப்பு. அமிர்தவல்லிக்கு ஒன்று தெரியும். விபத்துக்கு முந்தின வாரம், சோற்று வாளியோடு கரையில் நின்றபோது அவள் காதால் கேட்டது. பிச்சைமுத்துவே அதைச் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டார். ஊரோட ஒட்டி வாழணும்டி என்றார். அவளும் வாயைப் பூட்டிக்கொண்டாள். சாட்சி என்ற சொல் மட்டும் மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுவிட்டது.

இதற்கிடையில் காலின் சதை வற்றி, பழைய செயற்கைக் கால் உரசிப் புண்ணாகிவிட்டது. பிச்சைமுத்து மறுபடி கக்கத்துக் கட்டைகளை ஊன்ற ஆரம்பித்தார். மறுபடி சுவரையும் பார்க்க ஆரம்பித்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் புதிதாக அளவெடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை மாட்டிவிடலாம் என்று சிஸ்டர் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வந்து நீங்க ஒரு சாட்சி சொல்லணும்க்கா. மனசுல உள்ளத அப்படியே சொன்னாப் போதும்."

கால் கொடுத்தவர்களே வழக்கையும் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் அமிர்தவல்லிக்குப் பட்டது. கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபையில் எழுந்து சொல்வதற்கும் அவர்கள் சாட்சி என்றே பேர் வைத்திருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்த சாட்சி, கூண்டில் ஏறிச் சொல்வது. புருஷனிடம் மூச்சுவிடவில்லை. சனிக்கிழமை முழுவதும் நண்டை உடைத்தபடியே தேதி, கிழமை, நேரம் எல்லாவற்றையும் உருப்போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வளாகத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் மைக்கைப் பிடித்த ஒருவர், தான் பெரிய பாவி என்றும், குடித்துவிட்டு மனைவியை அடித்ததாகவும் சொல்லித் தேம்பினார். இந்த ஆள் கேஸ் தோற்றுவிடுமே, எல்லாவற்றையும் இவரே ஒத்துக்கொள்கிறாரே என்று அமிர்தவல்லி இரக்கப்பட்டாள்.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எம் பேரு அமிர்தவல்லி. கட்டுமாவடி. சத்தியமாச் சொல்றேன். போன வருஷத்துக்கு முந்துன வருஷம், ஆடி மாசம், திங்கக்கெழம காலையில ஆறு மணி இருக்கும். வின்ச்சு பிரேக்கு பிடிக்கல, ஆளு செத்துருவான்னு எங்க வீட்டுக்காரரு ஓனர் வெள்ளைச்சாமிகிட்டச் சொன்னாரு. அடுத்த ட்ரிப்புக்குப் பாத்துக்கலாம், இப்ப ஏறுன்னு அவரு சொன்னாரு. நான் கரையில நின்னு எங் காதால கேட்டேன்."

கூட்டம் விழித்தது. பின்னாலிருந்து ஒரு பெரியவர் சந்தேகமான குரலில் 'ஸ்தோத்திரம்' என்றார். இன்னும் நான்கு பேர் சொன்னார்கள். போதகர் அவள் பக்கம் குனிந்து, கர்த்தர் உங்களுக்கு என்ன செய்தாரோ அதையும் சொல்லுங்கள் சகோதரி என்றார்.

அமிர்தவல்லி யோசித்தாள். சாட்சி என்றால் பார்த்ததையும் கேட்டதையும்தான் சொல்ல வேண்டும். மிகைப்படுத்தினால் கேஸ் நிற்காது என்று சூர்யபிரகாஷ் சொல்லியிருக்கிறார்.

"அவரு அங்கன இருந்தாரான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் பாக்கல. சிஸ்டரப் பாத்தேன்."

கீழே உட்கார்ந்திருந்த ஞானசுந்தரி சிஸ்டர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அமிர்தவல்லிக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்த பெண் மெதுவாக விஷயத்தை விளக்கியபோதுதான் அவளுக்கு உடம்பு கூசிப்போனது. அதைவிட மோசம், அந்தக் கூட்டம் யூடியூபில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் பஸ்ஸில் ஊர் திரும்புவதற்குள் வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. தெருமுனையில் பக்கத்து வீட்டுச் சொர்ணவல்லி வழிமறித்து, "ஏன்டி, இனிமே ஒன்ன எஸ்தருன்னு கூப்புடணுமா, சாராளுன்னு கூப்புடணுமா?" என்று கேட்டாள். தெரு சிரித்தது. பிச்சைமுத்து சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. சுவரையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் சூர்யபிரகாஷ் வந்தார். சந்தோஷம் தாங்கவில்லை, இத்தனை நாள் கேட்டும் கிடைக்காதது கிடைத்துவிட்டது, நாளைக்கே புதுக்கோட்டையில் மனுவைக் கொடுத்துவிடலாம் என்றார். ஆனால் வீடியோவில் அவளுக்குப் பின்னால் பெரிய சிலுவை தெரிகிறது, டிரஸ்ட் ரிப்போர்ட்டில் அதைப் போட முடியாது, வீட்டிலேயே நின்று இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று போனை நீட்டினார்.

"சுவத்துல ஆத்தா படம் இருக்கே தம்பி, அதையும் கழட்டணுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கழட்டிருங்கக்கா. எந்தச் சாமியும் தெரிய வேணாம்."

கழற்றினாள். சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. அதன் முன்னால் நின்று அதே வார்த்தைகளைச் சொன்னாள். கடைசியில் டிரஸ்ட் பேரையும் சொல்லச் சொன்னார், சொன்னாள். அவளுக்கே அது வேறு யாரோ பேசியது போல இருந்தது.

சாயங்காலம் வெள்ளைச்சாமி வந்தார். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏத்தா அமிர்தம், கால் தாரோம்னு ஆசை காட்டி அவுகதான் ஒன்னச் சாட்சி சொல்லச் சொன்னாக. ஆமாவா, இல்லையா?"

"ஆமாங்க மொதலாளி."

"அத மட்டும் எழுதிக் குடு. மதுரையில இதவிட நல்ல காலா நானே வாங்கித் தாரேன். ஊருக்குள்ளயும் ஒனக்கு ஒரு கொறை வராது."

அவர் போன பிறகு அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைச்சாமி கேட்டது பொய்யில்லையே. சிஸ்டர் சொல்லச் சொன்னது உண்மை. கால் தருவதும் உண்மை. இரண்டு உண்மையைச் சேர்த்து எழுதினால் எப்படி அது பொய்யாகிறது? ஒருவேளை சிஸ்டரும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்தாரோ? சீழைத் துடைத்ததும் அதற்காகத்தானோ? அந்தக் கைகளைச் சந்தேகப்பட்டதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள். சாமி வேண்டாம் என்ற தம்பிக்கு மட்டும் அவள் வார்த்தை எதற்கு இத்தனை அவசரமாகத் தேவைப்பட்டது? உதவி என்று வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் வாயிலிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. யாரிடம் கேட்பது? கண்ணீர்தான் வந்தது.

வெள்ளைச்சாமிக்கு எதையும் எழுதிக் கொடுக்காமலே செவ்வாய்க்கிழமை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கால் கிடைக்காது என்றே அவள் முடிவுகட்டியிருந்தாள். சிஸ்டர் தரையில் மண்டியிட்டு வார்களைச் சரி பார்த்துக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"நான் கர்த்தரப் பத்தி ஒண்ணும் சொல்லலையே சிஸ்டர். காலு குடுப்பீங்களா?"

சிஸ்டர் நிமிர்ந்தார். முகம் வாடியிருந்தது. "அளவெடுத்தது அவரு காலுக்குத்தானக்கா, ஒங்க வாய்க்கில்லையே." பட்டையை இறுக்கிவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க சொல்லணும்னு ஆசைப்பட்டேன். இல்லன்னு சொன்னாப் பொய். ஆசைப்பட்டது தப்பான்னு ரெண்டு நாளா எனக்கும் தெரியல."

பிறகு வழக்கம்போல் கண்ணை மூடினார். பிச்சைமுத்துவும் மூடிக்கொண்டார். அமிர்தவல்லிக்கு மூடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. திறந்தபடியே நின்றாள். சிஸ்டரின் மூடிய இமைகளுக்கடியில் ஈரம் தெரிந்தது.

அங்கிருந்தே பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனார்கள். தொழிலாளர் அலுவலக வாசலில் சூர்யபிரகாஷ் மனுவோடு காத்திருந்தார். உள்ளே இருந்த எழுத்தர் அவள் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். வின்ச், பிரேக், ஆறு மணி, எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரி: யாருடைய தூண்டுதலும் இன்றி என் சுயவிருப்பத்தின் பேரில் இதைக் கூறுகிறேன்.

அமிர்தவல்லி பேனாவைக் கீழே வைத்தாள்.

"அந்த வரி நெசமில்லைங்க சார். ரெண்டு பேரு தூண்டுனாங்க. ஒருத்தவங்க சாமிக்காக, இந்தத் தம்பி சட்டத்துக்காக. அந்தம்மா வேற சாட்சி கேட்டாங்க, நான் வேற சாட்சி சொல்லிட்டேன். இல்லாட்டி நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். ஆனா கேட்ட காது எங் காதுதான்."

சூர்யபிரகாஷ் பதறிப்போனார். எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது அச்சடித்த படிவம், இதையெல்லாம் எழுத இடமில்லை அம்மா, கையெழுத்துப் போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் மனுவை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் ஒரு தலையசைப்பு காட்டியிருந்தால் எழுந்து போயிருப்பாள். பிச்சைமுத்து எதையும் பிடிக்காமல், இரண்டு காலிலும் நின்றுகொண்டிருந்தார்.

"போடு அமிர்தம். நான் அன்னைக்கிக் கரையில மொதலாளிகிட்டச் சொன்னத நீயாச்சும் கேட்டேல்ல."

இரண்டு வருஷமாக அவராக அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். மற்ற எல்லா வரிகளுக்கும் அது உண்மை. அந்த ஒரு வரிக்கு என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் சூர்யபிரகாஷ் ஒரு போட்டோ கேட்டார். பையில் இருந்த போன் அடித்தது, சிஸ்டர். கால் உரசுகிறதா என்று கேட்க இருக்கும். எதற்கு முதலில் பதில் சொல்வது என்று அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோதே பிச்சைமுத்து பஸ் நிறுத்தம் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"மெல்லப் போங்க," என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் ஓடினாள்.