அத்தை சொன்ன காலை வணக்கம்

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது புதிதாக வந்த வாத்தியார், காலையில் காலை வணக்கம், சாயங்காலம் மாலை வணக்கம் என்று எங்களைச் சொல்லவைத்தார். எங்கள் கன்னிவாடிப் பக்கம் அதுவரை எந்த நேரத்துக்கும் 'வாங்க', 'சாப்டாச்சா' இரண்டே போதும். மத்தியானத்துக்கு என்ன வணக்கம் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"மத்தியானம் சோத்தைக் கும்பிடு" என்றார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக் கட்டடம் எழும்பியது. இடம் கொடுத்தது என் அத்தை. மாமா இறந்ததும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள், அவர் பங்கு நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். திறப்பு விழாவில் முதல் பேச்சு அவளுடையதுதான் என்று வாத்தியார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பேச்சைத் தொடங்கச் சொல்லித்தரும் வேலை எனக்கு வந்தது.

அத்தை மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டே சொல்லிப் பழகினாள்.

"எல்லாருக்கும் மாலை வணக்கம்."

"விழா காலையில அத்தே. பத்து மணிக்கு."

"தெரியும்டி. எனக்கு இதான் வாயில வருது."

எத்தனை முறை திருத்தியும் அவள் மாற்றவில்லை. விழாவையே சாயங்காலத்துக்குத் தள்ள முடியுமா என்று வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பினாள். திறந்துவைக்கிற கல்வி அதிகாரி காலை பஸ்ஸில் வருகிறார், முடியாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அத்தைக்குக் கொஞ்சம் புத்தி மட்டு என்று நான் முடிவுகட்டினேன்.

விழாவன்று அவள் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேடையேறினாள். முன்வரிசைப் பெரியவர்களில் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். இன்னொருவர் குனிந்து செருப்பைத் தேடினார். அத்தை கூப்பிய கையோடு பேசாமல் நின்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்துக் கீழிருந்து வாயசைத்துக் காட்டினேன்.

"எல்லாருக்கும்..." என்றாள். நிறுத்தினாள். பிறகு உரக்கவே சொன்னாள்: "காலை வணக்கம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாவம், பெரியவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்து நான் எழுந்து, "காலை வணக்கம் அத்தே!" என்று கத்தினேன். என் பின்னால் மூன்றாம் வகுப்பு முழுக்க எழுந்து கத்தியது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

புருஷன் இல்லாதவள் முகத்தில் விழித்தால் போகிற காரியம் விளங்காது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்ததும், நான் பிறந்த வருடத்திலிருந்து ஒரு காலையில்கூட அவள் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.