படுதாவுக்குப் பின்னால் தட்டும் கை

இன்று மதியம் ஒத்திகையில் நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

எங்கள் நாடகக் குழுவில் வசனம் எடுத்துக் கொடுப்பதோடு எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மேடையில் தாய் மகளை அறையும்போது, படுதாவுக்குப் பின்னால் நான் கை தட்ட வேண்டும். அடி விழாமலே சத்தம் கேட்கும்.

தாயாக நடிப்பவர் தனபாக்கியம். மகளாக நடிக்கும் வசந்தா அவருடைய சொந்த மகள். போன சித்திரை வரை கதாநாயகி வேஷம் தனபாக்கியத்துக்குத்தான்.

இன்று பக்கம் புரட்டுவதில் கொஞ்சம் பிந்திவிட்டேன். நான் தட்டுவதற்கு முன்பே பளாரென்று கேட்டது.

"என்னம்மா, நெசமாவே அடிச்சிட்டீங்களா?" என்றேன்.

"நீங்க புஸ்தகத்தைப் பாருங்கய்யா. எம்மகளுக்கு நடிப்புச் சொல்லித் தாரேன்" என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "நான் நின்ன எடம்டி அது. அம்புட்டு லேசா விட்டுருவேன்னு நெனச்சியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பயத்தில் நானும் சிரித்து வைத்தேன்.

காப்பி வேளையில் வசந்தா என்னிடம் வந்தாள். கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது.

"தெனமும் இப்படித்தான் ஐயா. நீங்க தட்டுற சத்தத்துல எங்கம்மா அடிக்கிறது யாருக்கும் கேக்கறதில்ல. நாளைக்கு நிலக்கோட்டை நாடகத்துல தட்டாதீங்க. ஊரே கேக்கட்டும்."

சரியென்று தலையாட்டிவிட்டேன். பிறகுதான் பயம் பிடித்தது. கேட்ட ஊர், நடிப்பு பிரமாதம் என்று கை தட்டிவிட்டால்? அதன்பின் வீட்டில் அவள் கதி என்ன?

நாளை மாலை பஸ் ஏறுவதற்குள் யாராவது சொல்லுங்கள். இந்த இரண்டு கைகளையும் நான் எங்கே வைத்துக்கொள்வது?