முன்கையில் மூன்று நேரங்கள்

பிரசவ அறையில் கைக்கடிகாரம் கட்டக்கூடாது. அதனால் நேரங்களை இடது முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எழுதிக்கொள்வாள் அவள். வலி எடுத்த நேரம், பனிக்குடம் உடைந்த நேரம், தலை தெரிந்த நேரம். இருபத்தாறு வருடப் பழக்கம். வார்டில் அந்த மருத்துவச்சிக்குக் 'கடிகாரம்' என்றே பெயர் நின்றுவிட்டது.

இன்று காலை அந்தக் கையில் 2.10, 2.35, 3.05 என்று மூன்று நேரங்கள் அழியாமல் இருந்தன. நேற்றுப் பிற்பகல் ஏழாம் கட்டில் பெண்ணின் குழந்தைக்கு இதயத்துடிப்பு இறங்க இறங்க, டாக்டருக்கு அவள் வார்டு லேண்ட்லைனில் போன் செய்த நேரங்கள். மூன்று தடவையும் ஒரே பதில்: "வந்துட்டே இருக்கேன்." அவர் வந்துகொண்டே இருந்தது தன் சொந்தக் கிளினிக்கிலிருந்து. 3.20க்குக் குழந்தை தானாக வந்தது. அழவில்லை.

தலையைப் பற்றி இழுக்கும் வேக்யூம் கருவி பத்தடி தூரத்து அலமாரியில்தான் இருந்தது. அதை வைத்து நூறு குழந்தைகளுக்கு மேல் எடுத்தவள் அவள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது: மருத்துவச்சி இனி உதவியாளர், பிரசவம் பார்ப்பவர் டாக்டர். அலமாரிச் சாவி டாக்டரின் பைக்குப் போனது. வேலை மட்டும் அவள் தலையிலேயே நின்றது. கம்ப்யூட்டரில் 'பிரசவம் பார்த்தவர்' என்ற கட்டத்தில் தேர்ந்தெடுக்க நான்கு பெயர்கள், நான்கும் டாக்டர்கள். பிள்ளை பிறந்த பிறகு வந்து எட்டிப்பார்த்தாலும் அந்தப் பெயர்தான் ஏறும்.

நேற்று வீட்டில் இடது கையில் பாலித்தீன் பையைச் சுற்றிக்கொண்டு குளித்தாள்.

"என்ன, கைக்கு மட்டும் மழைக்கோட்டா?" என்றான் கணவன்.

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டதுபோல் இருந்தது எல்லாம்.

"உட்காருங்க சிஸ்டர், ஒரு கையெழுத்துதான்" என்று காலையில் தன் அறையில் ஒரு தாளை நீட்டினார் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அம்மா.

அதில் 'பிரசவம் பார்த்தவர்' கட்டத்தில் ஐந்தாவது பெயர் முளைத்திருந்தது. அவளுடைய பெயர். ஒன்பது வருடமாக இல்லாத இடம் ஒரே இரவில் கிடைத்துவிட்டது. கீழே ஒரு வரி: மருத்துவருக்குத் தகவல் தெரிவிக்கப்படவில்லை.

"மூணு தடவை சொன்னேனேம்மா."

"அதுக்கு ஆதாரம்? கையெழுத்துப் போட்டா ஒரு மெமோவோட போயிடும். இல்லைன்னா விசாரணை, சஸ்பென்ஷன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். விதி, யார் என்ன செய்ய?"

விதிக்கு ஏது சொந்தக் கிளினிக்? அவள் பேனாவை எடுத்தாள். கையைப் பார்த்து மூன்று நேரங்களையும் அந்த வரிக்குக் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மா தாளை நான்காகக் கிழித்தார்.

"வேற தாள் எடுக்கச் சொல்றேன். நல்லா யோசிச்சுட்டு வாங்க."

வெளியே வந்ததும் ஆயா ஓடிவந்தாள். "கடிகாரம்! மூணாவது டேபிள்ல தலை தெரியுது. சீக்கிரம் கையக் கழுவும்மா. இது என்ன, அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டா வரும்?"

முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

போகிற வழியில் ஏழாம் கட்டில். அந்தப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது.

"அக்கா, நேத்து காலையிலேயே உள்ள செத்துப்போச்சுன்னு சொல்றாங்க. எனக்கு உதைச்சுதே?"

தாளுக்கு ஒரு பொய், தாய்க்கு ஒரு பொய்.

"உதைச்சுது. மூணு மணிக்கு மேலயும் துடிப்பு எனக்குக் கேட்டுச்சும்மா." அவள் கையை நீட்டினாள். "இது டாக்டரக் கூப்பிட்ட நேரம். என் முகமும் சேர்ந்து தெரியற மாதிரி போன்ல ஒரு போட்டோ எடு. எங்க கேட்டாலும் நான் வந்து சொல்றேன்."

 படம் தெளிவாக விழுந்தது.

"உங்க வேலை போயிடாதாக்கா?"

"போகலாம்."

குழாயடியில் நீல மை சோப்பு நுரையோடு கரைந்து ஓடியது. கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டே ஆயாவிடம் சொன்னாள்:

"டாக்டருக்குப் போன் போடு. எத்தனை மணிக்குப் போட்டேன்னு உன் கையில எழுதிக்கோ."